சகுனியில்லாத சூது

சூது என்ற சொல்லைக் கேட்ட அளவிலே நம் நினைவில் எழுவோர் இருவர். ஒருவர் நளன், மற்றவர் தருமன். இருவரும் நாடிழந்தனர், காடு புகுந்தனர். நளனைக் கலி பற்றினான் என்றும், தருமனுக்கு எதிரே சகுனி அமர்ந்தான் என்றும் கதை கேட்டு வளர்ந்தவர் நாம். ஆகவே, சூதிலே தோற்றவன் வஞ்சிக்கப்பட்டவன் என்றதோர் எண்ணம் நம் உள்ளத்தில் ஆழ வேரூன்றியிருக்கின்றது. எதிரே இருப்பவன் நேர்மையானவனாக இருந்துவிட்டால் வெல்லவும் கூடும் என்ற மற்றோர் எண்ணமும், நாம் அறியாமலே, அதனுடன் சேர்ந்து வளர்ந்துவிடுகின்றது. இந்த இரண்டாவது எண்ணம் எத்துணை பிழையானது என்பதைக் காட்டுதற்குச் சீனரின் பழைய சூதாட்டம் ஒன்றைப் போன்ற சான்று வேறில்லை. அதன் பெயர் ஃபான்டான்.

இந்த ஆட்டத்திலே சகுனிக்கு இடமில்லை. உருட்டுவதற்குக் காய் இல்லை. கலைப்பதற்குச் சீட்டும் இல்லை. எல்லாம் கண்முன்னே நடைபெறுகின்றன. ஆயினும் அதனை ஆடியவர் பல்லாயிரவர் பொருளிழந்தனர். அதனை நடத்தியவர்களோ மாளிகைகள் கட்டினர். வஞ்சனை இல்லாத இடத்தில் இவ்விழப்பு எங்கிருந்து வந்தது? இன்றைய பேச்சில் நாம் ஆராயவிருப்பது இதனையே.

முதலில் ஆட்டத்தின் முறையைத் தெரிந்துகொள்வோம். நம் வீடுகளில் சிறுவரும் பெண்களும் ஆடிவந்த "ஒற்றையா இரட்டையா" என்ற விளையாட்டை நேயர்கள் அறிவர். ஒருத்தி கைநிறையப் புளியங்கொட்டைகளை அள்ளி மூடிக்கொள்வாள்; எதிரே இருப்பவள் ஒற்றை என்றோ இரட்டை என்றோ சொல்வாள். பின்னர் கொட்டைகளை இரண்டிரண்டாக ஒதுக்கி எண்ணுவர். இறுதியில் ஒன்று மிஞ்சினால் ஒற்றை; மிஞ்சாவிட்டால் இரட்டை. ஃபான்டான் இதன் அண்ணன் முறையானது என்று சொல்லலாம். இங்கே எண்ணுவது இரண்டிரண்டாக அன்று, நான்கு நான்காக.

மேசையின் நடுவே ஒரு சதுரம் வரையப்பட்டிருக்கும். அதன் நான்கு பக்கங்களுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்கள் உண்டு. ஆட்டத்தை நடத்துபவர் பீங்கான் பொத்தான்கள் குவிந்த குவியலிலிருந்து எண்ணாமலே ஒரு பகுதியைப் பிரித்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுவார். முற்காலத்தில் பொத்தானுக்குப் பதிலாகச் செப்புக் காசுகளையோ அவரை விதைகளையோ பயன்படுத்தியதும் உண்டு. கிண்ணம் கவிழ்ந்த பின்னரே ஆடுவோர் தாம் விரும்பிய எண்ணின்மீது பணம் வைப்பர். பணம் வைத்து முடிந்ததும் கிண்ணம் எடுக்கப்படும். நடத்துபவர் மெல்லிய கோலொன்றினால் பொத்தான்களை நான்கு நான்காக ஒதுக்கிக்கொண்டே வருவார். இறுதியில் மிஞ்சுவது ஒன்றாயின் ஒன்றில் வைத்தவர் வென்றார், இரண்டாயின் இரண்டில் வைத்தவர் வென்றார், மூன்றாயினும் அவ்வாறே. மிச்சமின்றி முடிந்தால் நான்கில் வைத்தவர் வென்றார்.

அதாவது, இது பள்ளிப் பிள்ளைகள் கற்கும் வகுத்தற் கணக்கே. ஓர் எண்ணை நான்கால் வகுத்தால் மிச்சம் என்ன என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. பழகிய கண்ணுடையோர் முப்பது பொத்தான்கள் அளவில் எஞ்சியிருக்கும்போதே முடிவைச் சொல்லிவிடுவர் என்பர். ஆனால், பணம் வைத்து முடிந்த பின்னர்க் கண்ணின் கூர்மையால் பயன் ஏது?

இனி, இழப்பு எங்கிருந்து வருகின்றது என்பதைக் காண்போம். நான்கு எண்களும் சம உரிமை உடையவை. ஆகவே, ஓர் எண்ணில் வைப்பவர் நான்கு முறைக்கு ஒருமுறை வெல்வார் என எதிர்பார்க்கலாம். மூன்று முறை தோற்று ஒருமுறை வெல்பவருக்கு, வெல்லும்போது வைத்த தொகையைப்போல மும்மடங்கு கிடைக்குமானால் கணக்குச் சரியாகிவிடும். நூறு ரூபா வைத்து மூன்று தடவை தோற்றால் முந்நூறு ரூபா போகும்; நான்காம் தடவை வென்றால் அந்த முந்நூறும் திரும்பிவரும். இத்தகைய ஆட்டத்தில் நெடுநேரம் ஆடினாலும் இருசாராருக்கும் இலாபமில்லை, நட்டமுமில்லை. இதனை நீதியான ஆட்டம் என்னலாம்.

ஆனால், ஆட்டக்கூடம் இலவசமாக நடப்பதில்லை. விளக்கு எரியவேண்டும், பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், அரசாங்கத்துக்கு வரி செலுத்தவேண்டும், முதலாளிக்கும் ஆதாயம் வேண்டும். இதற்காக வென்றவருடைய ஆதாயத்திலிருந்து நூற்றுக்கு ஐந்து வீதம் தரகு பிடித்துக்கொள்வர். மக்காவு நகரின் ஆட்டக்கூடங்களில் வழங்கிய வீதம் இதுவே. முந்நூறு ரூபா பெறவேண்டியவருக்கு இருநூற்று எண்பத்தைந்து ரூபா கிடைக்கும். வென்ற மகிழ்ச்சியில் இருப்பவர் பதினைந்து ரூபாவைப் பொருட்படுத்துவாரா? தோற்றவரிடமோ தரகு கேட்பதில்லை. ஆகவே, இது மிகவும் இரக்கமுள்ள ஏற்பாடுபோலத் தோன்றும்.

இப்பொழுது நேயர்கள் ஒரு சிறு கணக்கை மனத்தில் போட்டுப் பார்க்கவேண்டும். நான்கு நண்பர்கள் ஒரு மேசையைச் சூழ்ந்திருக்கின்றனர். ஒருவர் ஒன்றிலும், ஒருவர் இரண்டிலும், ஒருவர் மூன்றிலும், ஒருவர் நான்கிலும் ஆளுக்கு நூறு ரூபா வைக்கின்றனர். மேசைமீது நானூறு ரூபா இருக்கின்றது. எந்த எண் வந்தாலும் அவர்களுள் ஒருவர் வெல்வது உறுதி. அவருக்கு அவர் வைத்த நூறும், ஆதாயமாக இருநூற்று எண்பத்தைந்தும், ஆக முந்நூற்று எண்பத்தைந்து ரூபா கொடுக்கப்படும். மிகுதி பதினைந்து ரூபா ஆட்டத்தை நடத்துபவரின் பெட்டிக்குப் போகும். ஒன்று வந்தாலும் பதினைந்து. இரண்டு வந்தாலும் பதினைந்து. மூன்று வந்தாலும், நான்கு வந்தாலும் அதே பதினைந்து.

இங்கேதான் இந்த ஆட்டத்தின் உயிர்நிலை இருக்கின்றது. மேசையைச் சூழ்ந்துள்ள நால்வரும் சூதாடுகின்றனர். மேசையை விரித்தவர் சூதாடவில்லை. அவர் கடை நடத்துகின்றார். கிண்ணத்தின் கீழே எத்தனை பொத்தான்கள் உள்ளன என்பதை அறிந்துகொள்ளும் தேவையே அவருக்கு இல்லை. அவர் வஞ்சனை செய்யாதிருப்பதற்குக் காரணம் அவருடைய நற்குணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வஞ்சனை அவருக்குத் தேவையில்லை என்பதே மெய். ஆட்டம் நேர்மையானது என்ற பெயர் பரவப் பரவக் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகப் பெருகப் பதினைந்துகளும் பெருகும்.

நானூறு ரூபாவில் பதினைந்து என்றால் நூற்றுக்கு மூன்றே முக்கால். இது அற்பமான தொகை அன்றோ என்று சிலர் கேட்கலாம். ஒருமுறை ஆடிவிட்டு எழுந்துபோபவருக்கு அற்பந்தான். ஆனால், எழுந்துபோவதற்காக எவரும் அங்கே வந்து அமர்வதில்லை. ஒருவர் தொடர்ந்து நானூறு ஆட்டங்கள் நூறு நூறு ரூபாவாக வைக்கின்றார் என்று கொள்வோம். கணக்கின்படி நூறு முறை வென்று 28,500 ரூபா பெறுவார்; முந்நூறு முறை தோற்று 30,000 ரூபா இழப்பார். முடிவில் 1,500 ரூபா நட்டம். தற்செயலால் இத்தொகை கூடலாம், குறையலாம். சிலருக்கு ஆதாயமாகவும் முடியலாம். ஆனால், ஆட்டம் நீள நீளக் கணக்கு தன் உரிமையைக் கேட்டே தீரும். வென்ற பணத்தையே மீண்டும் மீண்டும் வைத்து ஆடுவோரின் கைப்பணம் இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகக் கரைந்துபோகின்றது. ஓட்டைப் பானையில் துவாரம் சிறியது என்று சொல்லி என்ன பயன்?

ஓர் எண்ணில் மட்டும் வைப்பது அபாயமென்று கருதுவோருக்காக வேறு வழிகளும் ஆட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளன. இரண்டு எண்களைச் சேர்த்துப் பிடிக்கலாம். அப்போது வெற்றியும் தோல்வியும் பாதிப்பாதி. நூறு வைத்து வென்றால் தொண்ணூற்றைந்து கிடைக்கும். மூன்று எண்களைச் சேர்த்தும் பிடிக்கலாம். நான்கில் மூன்று முறை வெற்றி, ஆனால் நூறு ரூபாவுக்கு ஆதாயம் முப்பத்திரண்டு ரூபாவுக்கும் சற்றுக் குறைவே. இம்முறைகளில் நூற்றுக்கு இழக்கும் வீதம் முறையே இரண்டரையாகவும் ஒன்றேகாலாகவும் குறைகின்றது. குறைகின்றதேயன்றி இல்லாமற்போவதில்லை. ஆட்டக்காரருக்குச் சாதகமான பக்கம் ஒன்றேனும் அந்தச் சதுரத்தில் இல்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. தொடர்ந்து மூன்று முறை இரண்டு என்ற எண் வந்துவிட்டால், இனி அது வராது என்பார் ஒருவர். இன்று இரண்டின் நாள், அதுவே வரும் என்பார் மற்றொருவர். முன்வந்த எண்களைத் தாளிற் குறித்துவைத்து அதிலே ஓர் ஒழுங்கைத் தேடுவாரும் உளர். பொத்தான்களுக்கு நினைவாற்றல் இல்லை. போன சுற்றில் என்ன நடந்தது என்பது இந்தச் சுற்றின் குவியலுக்குத் தெரியாது. நான்கில் ஒன்று என்பது முன்னும் அதுவே, பின்னும் அதுவே. ஐயமுள்ளவர்கள் ஒரு பிடி புளியங்கொட்டைகளை வைத்து, வீட்டுப் பிள்ளைகளுடன் இருநூறு முறை எண்ணி எழுதிப் பார்க்கலாம். பணம் வைக்காமல் ஆடும்போது அது சிறந்ததொரு கணக்குப் பாடமாக அமையும்.

இத்தகைய ஆட்டம் எவ்வாறு உலகப் புகழ் பெற்றது? தென்சீனக் கரையிலே போர்த்துக்கேயர் வசமிருந்த மக்காவுவை இதன் தலைநகர் எனலாம். 1842ஆம் ஆண்டில் ஹொங்கொங் பிரித்தானியர் கைக்குப் போனபின், கப்பல் வாணிகம் மக்காவுவை விட்டு அங்கே நகர்ந்தது. வருமானம் குன்றிய போர்த்துக்கேய நிருவாகம், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃபான்டான் கூடங்களுக்கு உரிமம் வழங்கி, அதன்மூலம் திறைசேரியை நிரப்பத் தலைப்பட்டது. அக்கூடங்களின் அமைப்பு விந்தையானது. கீழ்த்தளத்தில் மேசை, அதற்கு நேர் மேலே மாடியில் ஒரு பெருந்துவாரம், அதைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர். மாடியில் இருப்போர் தம் பணத்தைச் சிறு கூடையிலிட்டுக் கயிற்றில் கீழே இறக்குவர். வென்றால் கூடை நிறைந்து மேலே வரும். தோற்றால் வெறுங்கூடையே வரும்.

தொழில் தேடிக் கடல் கடந்த சீனருடன் இவ்வாட்டமும் கடல் கடந்தது. கலிபோர்னியாவின் தங்கவயல்களுக்கும், அவுஸ்திரேலியாவுக்கும், மலாயாவுக்கும் சென்றது. மலாயாவும் சிங்கப்பூரும் நம்மவர்க்கு அந்நியமான இடங்கள் அல்ல. தமிழகத்திலிருந்து தோட்டத் தொழிலாளராகவும், யாழ்ப்பாணத்திலிருந்து இருப்புப்பாதை எழுதுவினைஞராகவும் சென்ற தமிழர் வாழ்ந்த ஊர்களிலேயே சீனச் சூதாட்டக் கூடங்களும் இருந்தன. அங்கே ஆங்கில ஆட்சியாளர் கையாண்ட முறைக்கு நம் மொழியில் நல்லதொரு சொல் இருக்கின்றது: குத்தகை. சூதாட்டம் நடத்தும் உரிமையை அதிக தொகை தருவோருக்குக் குத்தகைக்கு விட்டனர். சிங்கப்பூரில் 1820ஆம் ஆண்டில் ஃபார்குவார் அதனைத் தொடங்கினார்; இராபிள்ஸ் 1823இல் அதனை நிறுத்தினார்; பின்னர் மீண்டும் வந்து, 1829இல் ஒழிக்கப்பட்டது. மலாய் மாநிலங்களிலோ 1912ஆம் ஆண்டளவு வரை அது நீடித்தது. பொத்தானை எண்ணுபவர் ஒருபுறம் இருக்க, அவருக்கும் மேலே குத்தகைப்பணம் வாங்குவோர் இருந்தனர். அவர்களும் சூதாடவில்லை, அவர்களுடைய தொகையும் முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டிருந்தது.

மக்காவுவில் 1962ஆம் ஆண்டில் ஸ்டான்லி ஹோவும் அவருடைய கூட்டாளிகளும் சூதாட்டத் தனியுரிமையைப் பெற்றனர். அத்தனியுரிமை 2002ஆம் ஆண்டில் முடிவுற்றுப் பிறநாட்டு நிறுவனங்களும் உள்ளே வந்தன. 2006ஆம் ஆண்டில் மக்காவுவின் சூதாட்ட வருமானம் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் பெருவீதியின் வருமானத்தை விஞ்சியது. ஆனால், அந்த மாளிகைகளில் ஃபான்டான் ஆட்டத்துக்கு இன்று கிடைத்திருப்பது ஒரு மூலை மட்டுமே. மிகச் சில மேசைகளே எஞ்சியுள்ளன. அரசோச்சுவது பக்கரா என்னும் சீட்டாட்டம். இதன் காரணம் நம் கணக்குக்கு மேலும் ஒளி தருகின்றது. பொத்தான்களை நான்கு நான்காக ஒதுக்கிக்கொண்டிருக்க நேரம் பிடிக்கின்றது. ஒரு மணி நேரத்தில் எத்தனை சுற்றுகள் முடிகின்றன என்பதைப் பொறுத்தே கூடத்தின் வருமானம் அமையும். ஆட்டம் விரைவாக முடிந்தால் துவாரம் அடிக்கடி திறக்கும். ஃபான்டான் மெதுவானது, ஆகவே அது மூலைக்குப் போயிற்று. அதன் நேர்மையோ எளிமையோ அதனைக் காப்பாற்றவில்லை.

சீனத்துச் செய்தியை முசலிக் கரையில் இருந்துகொண்டு பேசுவதேன் என்று நேயர்கள் வினவக்கூடும். நம் கரையைச் சீனர் பழங்காலத்திலேயே அறிவர். 15ஆம் நூற்றாண்டில் செங் ஹோ என்னும் கடற்தளபதியுடன் பயணஞ்செய்த மா ஹுவான், இலங்கையின் முத்து விளையும் மணற்கரையைப் பற்றித் தம் நூலில் எழுதியிருக்கின்றார். ஆனால், நான் இங்கே இக்கரையை நினைவூட்டுவதற்குக் காரணம் வேறு. ஃபான்டான் மேசையிற் கண்ட அதே கணக்கு, பீங்கான் பொத்தான்களுக்குப் பதிலாகச் சிப்பிகளை வைத்து, நம் கண்முன்னே உள்ள இந்தக் கடற்கரையிலும் ஒரு காலத்தில் நடந்தேறியது.

முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். சலாபம் நடந்த துறையே சலாபத்துறையாகிச் சிலாவத்துறை என்றாயிற்று என்பர். அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களின் எதிரே கடலடியில் உள்ள பார்களிலே முத்துச்சிப்பிகள் விளைந்தன. இலங்கையின் முதலாவது ஆங்கிலத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய மாளிகையின் சிதைவுகள் அரிப்புக் கடலோரத்திலே அலைகளால் அரிக்கப்பட்டு நிற்பதைச் சென்றோர் கண்டிருப்பர்.

சலாபத்தின் நடைமுறையைக் கேளுங்கள். கல்லைக் காலிற் கட்டி இறங்கிய குளியாளர் கொண்டுவந்த சிப்பிகள், கொட்டு என்று வழங்கிய வேலியடைப்புக்குட் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே ஒவ்வொரு தோணியின் ஆட்களும் தம் சிப்பிகளை மூன்று சம குவியல்களாகப் பிரித்து வைப்பர். எந்த இரண்டு அரசாங்கத்துக்கு உரியவை என்பதை அதிகாரி காட்டுவார். எஞ்சிய ஒன்று குளியாளருக்கு. எதை அதிகாரி எடுப்பார் என்பது தெரியாதாகையால், பிரிப்பவர் ஒழுங்காகவே பிரிப்பர். ஃபான்டானைப் போலவே இதிலும் முறைகேட்டுக்கு இடம் குறைவு.

மாலையானதும் அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் சிப்பி இன்ன விலை என்ற கணக்கில் ஏலத்தில் விடப்பட்டது. சிப்பிகளைத் திறந்து பார்த்தபின் அல்ல, மூடியபடியே. உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது அரசாங்கத்துக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வாங்கிய வணிகர் அவற்றை நாட்கணக்கில் அழுகவிட்டு, கடல்நீரிற் கழுவி, அடியிற் படியும் மணலைச் சலித்துப் பார்க்கும்போதே தம் விதியை அறிந்தனர். குளியாளரும் தம் பங்கைக் கொட்டின் வாயிலிலேயே ஒரு சில சிப்பிகளாக விற்றனர். அங்கே கூடியிருந்தோர் அவற்றை வாங்கி உடனே பிளந்து பார்ப்பர். 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூலெழுதிய ரொபேட் பேர்சிவல் என்ற ஆங்கிலப் படையதிகாரி, கொண்டச்சியில் மக்கள் மூடிய சிப்பிகளை வாங்கி அதிர்ஷ்டம் பார்த்ததை ஒருவகை லொத்தர் என்றே வருணித்திருக்கின்றார்; வெள்ளைக்கார உத்தியோகத்தர்களுக்கும் அதில் விருப்பம் மிகுதி என்றும் எழுதியிருக்கின்றார்.

ஆக, குளியாளர் உயிரைப் பணயம் வைத்தனர். வணிகர் பொருளைப் பணயம் வைத்தனர். கரையிற் கூடியோர் சில்லறையைப் பணயம் வைத்தனர். மூடிய சிப்பியை விற்ற அரசாங்கத்துக்கோ, அந்தச் சிப்பியில் முத்து இருந்தாலும் ஒன்றே, இல்லாவிட்டாலும் ஒன்றே. மேசையை விரித்தவர் யார் என்பது இப்பொழுது விளங்குகின்றதன்றோ?

இதற்கு முத்திரை வைத்தாற்போன்ற நிகழ்ச்சியொன்று 1906ஆம் ஆண்டில் நடந்தது. கடலின் பார்கள் என்றும் விளைபவை அல்ல. 1891க்குப் பின்னர்ப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சலாபமே இல்லை. அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902ஆம் ஆண்டில் இங்கு வந்து பார்களை ஆராய்ந்தார். 1903இலும் 1904இலும் நல்ல சலாபங்கள் நடந்தன. 1905ஆம் ஆண்டின் சலாபமோ வரலாறு காணாதது. 8 கோடியளவு சிப்பிகள். அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானம். மறிச்சுக்கட்டியின் வெறும் மணலில் ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரமே எழுந்தது. பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியக் குளியாளரும், தென்னிந்தியாவிலிருந்து தமிழ்க் குளியாளரும் வந்து கூடினர்.

இந்தப் பெருவெற்றியைக் கண்டு இலண்டனில் ஒரு கம்பனி அமைந்தது. அது 1906ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம் இந்தப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1906இல் விளைவு இருந்தது, 1907இல் குறைந்தது, அதன்பின் பார்கள் வறண்டன. குத்தகைப் பணமோ ஆண்டுதோறும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. இருபது ஆண்டுகள் முடியுமுன்னரே கம்பனி கலைந்துபோயிற்று. அதற்குப் பின் பெரியதொரு சலாபம் நடந்தது 1925ஆம் ஆண்டிலேதான்.

இங்கே எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஆராய்ச்சி செய்தவர் அறிஞர். குத்தகைக்கு விட்டது அரசாங்கம். எடுத்தவர்கள் கணக்கறிந்த செல்வர். ஆயினும், மூன்று முறை தொடர்ந்து வந்த எண் நான்காம் முறையும் வரும் என்று நம்பிய ஃபான்டான் ஆட்டக்காரரின் நிலையிலேயே அவர்கள் நின்றனர். கடலுக்கும் நினைவாற்றல் இல்லை. அரசாங்கமோ நிலையான தொகையை வாங்கிக்கொண்டு ஆபத்தைக் கைமாற்றிவிட்டது. படித்தவரும் செல்வரும் இவ்வாறு அகப்பட்டுக்கொள்வராயின், நாட்கூலி பெறுவோரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். ஆபத்து உள்ளதெல்லாம் சூது ஆகாது. கடலுக்குப் போகும் மீனவருக்கு இன்று வலை நிறையுமா என்பது தெரியாது. மழையை நம்பி விதைக்கும் விவசாயிக்கும் அறுவடை நிச்சயமில்லை. ஆனால், மீனவரின் அறிவு வளர வளர அவருடைய வாய்ப்பும் வளர்கின்றது. காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்தவர் அறியாதவரைவிட நன்றாகப் பிழைக்கின்றார். ஒருவர் பிடித்த மீனால் ஊருக்கு உணவு கிடைக்கின்றது. ஃபான்டான் மேசையில் நாற்பதாண்டு அனுபவமுள்ளவருக்கும், இன்று வந்து அமர்ந்தவருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஒருவர் பெறுவது மற்றவர் இழந்ததே. அதிலும் தரகு போகக் குறைந்ததே. இதுவே உழைப்பின் ஆபத்துக்கும் சூதின் ஆபத்துக்கும் உள்ள எல்லை.

நம் சமயங்களும் சான்றோரும் இதனை எக்காலத்திலோ கண்டனர். திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். சூதில் வருகின்ற வெற்றியை, இரை என்று எண்ணி மீன் விழுங்கிய தூண்டிலுக்கு அவர் ஒப்பிட்டதன் பொருத்தம் கடற்கரை மக்களுக்கு எவரும் விளக்காமலே புரியும். இஸ்லாம் சூதினை மதுவோடு சேர்த்தே விலக்கியிருக்கின்றது. பௌத்தமும் செல்வம் அழியும் வழிகளுள் ஒன்றாக அதனைச் சொல்கின்றது. அவர்கள் அறத்தால் அறிந்ததை நாம் எளிய வகுத்தற் கணக்காலும் அறிந்துகொள்ள முடிகின்றது.

இவ்வறிவு இன்று முன்னெப்போதையும்விட அவசியமாகியுள்ளது. நம் நாட்டில் 1889ஆம் ஆண்டிலே சூதாட்டத்தைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1963ஆம் ஆண்டில் அரசாங்கமே தேசிய லொத்தர் சபையை அமைத்தது. 2010ஆம் ஆண்டில் கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 2025ஆம் ஆண்டில் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபையை நிறுவும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொழும்பில் மாபெரும் கசினோ ஒன்று திறக்கப்பட்டது. அதனை நடத்துவது மக்காவுவில் கசினோக்கள் உடைய மெல்கோ நிறுவனம். அதன் தலைவர் லோரன்ஸ் ஹோ, 1962ஆம் ஆண்டில் மக்காவுவின் தனியுரிமையைப் பெற்ற ஸ்டான்லி ஹோவின் மைந்தர். தடையிலிருந்து உரிமத்துக்கும், உரிமத்திலிருந்து வருமானத்துக்கும் சட்டம் நடந்த பாதையை இவ்வாண்டுகள் காட்டுகின்றன. உல்லாசப் பயணிகளால் அந்நியச் செலாவணி கிடைக்கும் என்று ஆதரிப்போர் கூறுவர். அது ஆராயத்தக்க வாதமே. ஆயினும், அவ்வருமானம் எந்தப் பதினைந்து ரூபாக்களால் ஆனது என்பதை மறவாமல் ஆராய்தல் வேண்டும்.

முசலியிலிருந்து கொழும்புக்குப் போய்க் கசினோவில் அமர்வோர் அரியர். ஆனால், மேசை இப்பொழுது நம்மைத் தேடி வருகின்றது. கைத்தொலைபேசியைத் திறந்தால் ஓட்டமெண்ணிக்கையைச் சொல்லிப் பந்தயம் பிடிக்கச் சொல்கின்றார்கள். சக்கரத்தைச் சுழற்றச் சொல்கின்றார்கள். ஃபான்டான் மேசையில் ஒரு சுற்று முடியச் சில நிமிடங்கள் சென்றன. இங்கே ஒரு சுற்றுக்குச் சில நொடிகள் போதும். அங்கே கிண்ணத்தையும் கோலையும் கண்ணாற் கண்டோம். இங்கே எண்ணுபவர் யார், எத்தனை எண்ணுகின்றார், என்ன தரகு பிடிக்கின்றார் என்பது எதுவும் தெரிவதில்லை. தொடக்கத்தில் சிறிது வெல்லவும் வைப்பார்கள். பாடசாலை விட்ட வயதிலே வேலையின்றி நிற்கும் இளைஞர் இத்தூண்டிலை எளிதில் விழுங்குவர். கடன் வாங்கி ஆடியதனால் தோணி இயந்திரத்தை விற்ற வீடும், தாயின் நகையை அடகு வைத்த வீடும் எந்தக் கிராமத்திலும் உருவாகலாம்.

இளைஞரை நோக்கி ஆடாதே என்று அதட்டுவதால் மட்டும் பயன் விளையாது. அவர்களுடன் அமர்ந்து கணக்கைப் போட்டுக் காட்டவேண்டும். எந்த ஆட்டமாயினும், எந்த லொத்தராயினும், எந்தப் பந்தயமாயினும் மூன்று வினாக்களை எழுப்பப் பழக்கவேண்டும். இந்த மேசையை விரித்தவர் யார்? நான் வென்றால் எனக்கு முறைப்படி வரவேண்டிய தொகை எவ்வளவு, தரப்படுவது எவ்வளவு? அந்த வேறுபாடு யாருக்குப் போகின்றது? ஃபான்டான் ஆட்டத்தில் இவ்வினாக்களுக்கு விடை முந்நூறு, இருநூற்று எண்பத்தைந்து, பதினைந்து என்று தெளிவாகக் கிடைத்தது. விடை தெளிவாகக் கிடைக்காத ஆட்டங்களில் அந்த வேறுபாடு பதினைந்தைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்று கொள்வது அறிவுடைமை.

சகுனியைக் கண்டு அஞ்சுவதற்கு நம் முன்னோர் கதை சொல்லித் தந்தனர். சகுனியில்லாத சூதையும் கண்டு விலகுவதற்கு நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது நம் கடமை. நான்கால் வகுத்தால் மிச்சம் என்ன என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த மிச்சம் யாருக்கு என்று கேட்கவும் தெரிந்திருத்தல் வேண்டும்.